இரண்டாவது கட்டிலின் இழுப்பறை

இந்தக் காலத்தில் ஒரு குழந்தை பிறக்க ஒரு லாரி வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக இல்லை. சாமான் ஏற்ற.

நான் முப்பத்தெட்டு வருஷம் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கினவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு வீட்டுச் சாமானை மாடிப்படியில் இறக்கிப் பார்த்தால் அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை எனக்குத் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் ஒரு மூட்டை கூடுதலாக இருக்கும். நான் வேலையை விடுகிற சமயத்தில் குழந்தைச் சாமானுக்கே தனியாக ஒரு நடை போக வேண்டியிருந்தது.

பால் புட்டியைச் சூடாக்க ஒரு மிஷின். அதைக் கழுவ ஒரு மிஷின். கழுவினதைக் காய வைக்க, புல் முளைத்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழந்தையைத் துடைக்கிற ஈரக் காகிதத்தை வெதுவெதுப்பாக வைக்க ஒரு டப்பா. முதல் தடவை அதைத் தூக்கியபோது ரேடியோ என்று நினைத்துக் குமிழைத் தேடினேன். குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்க்க ஒரு கேமரா. பெற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள், போன் கேமராவைப் பார்க்கும், கேமரா குழந்தையைப் பார்க்கும். நேராக ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

விற்கிறவன் சாமானை விற்பதில்லை. பயத்தை விற்கிறான். இவர்களும் பயத்தை ஜோடி ஜோடியாக வாங்கி வீட்டில் அடுக்குகிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதையை இந்தப் பத்திரிகையில் வாராவாரம் படிக்கிறவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை.

மகன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். மருமகள் மருந்துக் கிடங்கில் இருப்பு எழுதுகிறவள். நாங்கள் மூன்று பேரும் ஒரு மூன்றாம் மாடியில் இருக்கிறோம். அந்தக் கட்டடத்து லிஃப்ட் நாலு மாசமாக ஓடவில்லை. கேட்டால், "அது வேற கம்பெனி லிஃப்ட்பா" என்பான்.

வயிற்றில் இரட்டை என்று தெரிந்த அன்றைக்கே மருமகள் பட்டியல் போட ஆரம்பித்தாள். அவள் பிழைப்பே பட்டியல்தானே. கோடு போட்டு, எண் போட்டு, நாற்பத்தாறு சாமான். ஒவ்வொன்றுக்கும் நேரே, கடைசிக் கட்டத்தில், 'இரண்டு'.

கடைக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். தூக்க ஆள் வேண்டுமே. நான் சும்மா இருக்கவில்லை. பட்டியலை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் பென்சிலாலேயே அடித்துக்கொண்டு போனேன். "இது எதுக்கு ரெண்டு? ஒண்ணு போதும். இதுவும் ஒண்ணு போதும்." கட்டிலுக்கு வந்தபோதும் நிறுத்தவில்லை. "வயித்துக்குள்ள ஒட்டிக்கிட்டுத்தானே கிடக்குதுங்க? வெளிய வந்ததும் என்ன தனிக்குடித்தனமா? ஒண்ணு போதும்."

கடையில் இருந்த பெண் சிரித்தாள். மகன் சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை. நான் அடித்ததெல்லாம் அடித்தபடியே கிடக்க, எல்லாம் இரண்டு இரண்டாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

எட்டு மாசம் நிறைவதற்குள் இரண்டு பெண்களும் வந்துவிட்டார்கள். பெயர் வைக்க யாருக்கும் பொறுமை இல்லை. முதலில் வந்தவள் முன்னவள், பதினொரு நிமிஷம் கழித்து வந்தவள் பின்னவள். பின்னவள் இரண்டு நாள் இருந்தாள். போன வாரம் அதோடுதான் நிறுத்தினேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வரவில்லை.

அதற்கப்புறம் ஐந்து வாரம் ஓடிவிட்டது. முன்னவள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். மருமகள் காலையில் போனால் சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் வருவாள். நான் கடையில் சொன்ன 'ஒண்ணு போதும்' பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வியாழக்கிழமை காலையில் மகன் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான்.

"அப்பா, நாளைக்குக் காலைல அனுப்பறாங்களாம்."

"யாரை?"

"பாப்பாவை. எடை ஏறிடுச்சு. நேத்து டாக்டர் சொன்னாரு."

"சரி. நல்ல சேதிதானே, அதை ஏன் சுவத்தைப் பாத்துச் சொல்றே?"

அவன் கழுவின டம்ளரை மறுபடியும் கழுவினான். "அந்த ரூம்ல எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்குப்பா."

"இருந்தா?"

"அவ குழந்தையைத் தூக்கிட்டு வந்து நேரா அந்த ரூமுக்குள்ள காலை வைக்கணும். ஒரு கட்டில்ல படுக்க வைக்கணும். பக்கத்துல இன்னொண்ணு காலியாக் கிடக்கும். எப்படிப்பா?"

நியாயம்தான். அந்த அறைக் கதவு ஐந்து வாரமாகச் சாத்தியே கிடக்கிறது. நான் பார்த்தவரை யாரும் உள்ளே போகவில்லை.

"இன்னிக்கே எடுத்துடுங்க. அவ ஆறு மணிக்குத்தான் வருவா. நான் வேலைக்குப் போகணும், ரெண்டு எடத்துல லிஃப்ட் நிக்குது. உங்களுக்குத்தான் இந்த வேலை கைவந்தது."

"அவகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"சரின்னா."

நான் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. 'இதில் கண்ணாடி ஒன்றும் இல்லை' என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்தாலும், பெட்டியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தோளில் வைப்பேன். அன்றைக்கு இவன் சொன்னதை ஆட்டிப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை.

முட்டிக்குப் போன் போட்டேன். முட்டி என்னோடு லாரி ஓட்டினவன். படி ஏறும்போது அவன் முழங்கால் இரண்டும் சத்தம் போடும், அதனால் அந்தப் பெயர். இப்போது சொந்தமாக ஒரு சின்ன வேன் வைத்திருக்கிறான்.

வந்தவன் அறையைப் பார்த்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். சுவரோரம் இடது பக்கம் ஒரு கட்டில், வலது பக்கம் ஒரு கட்டில். மரக் கம்பி வைத்த சின்னக் கட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு அகலமான இழுப்பறை. கதவுக்குப் பின்னால் அவள் பட்டியல் ஒட்டியிருந்தது, என் பென்சில் கோடுகளோடு.

"எதெல்லாம் அண்ணா போகணும்?"

"எது ரெண்டு இருக்கோ அதுல ஒண்ணு."

சொல்வது சுலபம். குளிப்பாட்டுகிற தொட்டி இரண்டு, ஒன்றை எடுத்தோம். காரில் வைக்கிற குழந்தை சீட் இரண்டு, ஒன்றை எடுத்தோம். ஆட்டினால் பாட்டுப் பாடுகிற நாற்காலி இரண்டு. முட்டி கை தவறி ஒன்றைத் தட்டிவிட்டான். அது பாட ஆரம்பித்துவிட்டது. நிறுத்தும் இடம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவன் அதைப் போர்வையில் சுற்றி அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான், அது பாடி முடிக்கிறவரைக்கும்.

"அண்ணா, இந்த வண்டியை என்ன பண்றது?"

இரட்டைத் தள்ளுவண்டி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, ஒரே கைப்பிடி.

"இதை எப்படிண்ணா பாதியாக்கறது?"

"அதுவும் போகட்டும்."

"அப்ப குழந்தையை எதுல தள்ளுவாங்க?"

"தூக்குவாங்க. கை இல்லையா?"

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. யார் வீட்டு இழுப்பறையையும் திறக்கக் கூடாது. மூடியிருக்கிறபடியே இரண்டு சுற்று டேப் ஒட்டித் தூக்கிவிட வேண்டும். திறந்தாயோ, நாளைக்கு ஒரு மோதிரம் காணோம் என்பார்கள், அது உன் தலையில் விழும். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் ஒரு இழுப்பறையைத் திறந்ததில்லை. கூட வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர் பெயர் கெட்டுப் போனார்கள். என் பெயர் கெடவில்லை. எதை விட்டாலும் இதை விடமாட்டேன்.

வலது கட்டிலின் இழுப்பறைக்கும் அப்படியே இரண்டு சுற்று ஒட்டினேன். பக்கக் கம்பிகளைக் கழற்றி, திருகாணிகளைப் பையில் போட்டுக் கட்டில் காலில் கட்டினேன். அடிப்பாகத்தைத் தூக்கியபோது, பழக்கம், ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. காலி என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து நடை. மூன்று மாடி. முட்டியின் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் கணக்குச் சொன்னது.

எல்லாம் இறங்கினபிறகு நான் மட்டும் மேலே வந்து அறையைச் சரிசெய்தேன். தரை விரிப்பில் கட்டில் கால்கள் அழுந்தின நாலு குழி இருந்தது. ஈரத்துணி வைத்துத் தேய்த்து, விரலால் நிமிர்த்திவிட்டேன். மிச்சமிருந்த கட்டிலை ஜன்னலுக்கு நேரே நடுவில் இழுத்துப் போட்டேன். பட்டியலைக் கிழிக்காமல் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வாசலில் நின்று பார்த்தால் அந்த அறையில் எப்போதும் ஒரு குழந்தைக்குத்தான் இடம் இருந்தது என்று யாரும் சொல்வார்கள். வேலை சுத்தம்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் பழைய குழந்தைச் சாமான் வாங்கி விற்கிற கடை ஒன்று இருக்கிறது. நடத்துகிறவள் நடுத்தர வயசுக்காரி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதைத் தேடிக்கொண்டே இருப்பாள்.

"எல்லாம் தொடாத சாமானா இருக்கே, ஐயா."

"தொடலை."

"இங்க வர்றதுல முக்கால்வாசி இப்படித்தான். அட்டை கூடப் பிரிக்க மாட்டாங்க." டப்பாக்களைத் தட்டிக்கொண்டே வந்தாள். "குழந்தைக்கு நெஜமா எது வேணும்னு எங்கிட்ட கேளுங்க. எந்தச் சாமான் இந்தக் கடைக்குத் திரும்பி வரலியோ, அதான் வேணும். துண்டு திரும்பி வராது. பழைய போர்வை வராது. வாளி வராது. மீதி எல்லாம் வந்துடும்."

பரவாயில்லை, விவரம் தெரிந்தவள்தான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வியாபாரியைப் பாராட்டினால் அடுத்து எதையாவது நம் தலையில் கட்டுவாள்.

இரட்டை வண்டியைப் பார்த்தாள். ஒற்றைக் கட்டிலைப் பார்த்தாள். "கட்டில் இன்னொண்ணு?"

"அது வேணும்."

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தாள். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. 

மணி மூன்றரை இருக்கும். வீட்டுக்கு வந்து டீ போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் சாவி சத்தம். மருமகள்.

"என்னம்மா, சீக்கிரமே வந்துட்டே?"

"டாக்டர்தான் அனுப்பிட்டாரு மாமா. நாளைக்கு வேணுங்கறதை எடுத்து வைக்கணும்ல."

கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. ஐந்து வாரத்தில் அன்றைக்குத்தான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. சீட்டை எனக்கு வாசித்துக் காட்டினாள். "கார் சீட் ஒண்ணு. மாத்துத் துணி ரெண்டு. போர்வை ஒண்ணு. தொப்பி ஒண்ணு. அவ்வளவுதான் மாமா. நான் போட்ட நாப்பத்தாறுல நாலே நாலு." லேசாகச் சிரித்தாள். "நீங்க சொன்னா மாதிரிதான்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த அறைக்குப் போனாள்.

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அந்த மாதிரி அமைதி எனக்குத் தெரியும். பீரோ படியில் கைநழுவும், கீழே விழுந்த சத்தம் இன்னும் வந்திருக்காது. அப்போது அப்படி இருக்கும்.

"மாமா."

போனேன்.

"இன்னொரு கட்டில் எங்க?"

"குடுத்தாச்சும்மா. அவன் சொன்னானே உங்கிட்ட."

"என்ன சொன்னாரு?"

"நீ வர்றதுக்குள்ள எடுத்துடலாம்னு. நீயும் சரின்னியாமே."

அவள் குனிந்து விரிப்பைப் பார்த்தாள். நான் நிமிர்த்திவிட்ட இடத்தைப் பார்த்தாள்.

"அந்த டிராயரைத் திறந்தீங்களா?"

"நான் யார் டிராயரையும் திறக்கறவன் இல்லம்மா." இதைக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"திறந்திருக்கலாமே மாமா. ஒரே ஒரு தடவை திறந்திருக்கலாமே. அதுக்குள்ள அவ தொப்பி இருந்துச்சு."

"யார் தொப்பி?"

கேட்டபிறகுதான் புரிந்தது.

"மஞ்சக் கலர். ஆரஞ்சுப் பழத்துக்குப் போடற அளவு. ரெண்டு நாளும் தலையில இருந்தது. துவைச்சுத் தரேன்னாங்க, நான்தான் துவைக்காதீங்கன்னு வாங்கிட்டு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் தூங்கினப்புறம் வந்து எடுத்துப் பாத்துட்டு வெச்சிடுவேன்." சீட்டு அவள் கையில் கசங்கியது. "நாளைக்கு முன்னவளுக்கு அதைப் போட்டுத்தான் கூட்டிட்டு வரணும்னு இருந்தேன். கொஞ்சம் இறுக்கம்தான். இழுத்தா வந்துடும். ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்னு."

செத்த குழந்தையின் தொப்பியை உயிரோடு இருக்கிற குழந்தைக்குப் போடுவதா? என் வாய் வரைக்கும் வந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்கதானே சொன்னீங்க, ஒண்ணு போதும்னு. கடையில அத்தனை பேர் முன்னாடி. இப்ப ஒண்ணுதான் இருக்கு. நடுவுல அழகாப் போட்டிருக்கீங்க. திருப்திதானே மாமா?"

டீயை மேஜையில் வைத்தேன். அடுப்பை அணைத்தேனா என்றுகூடப் பார்க்காமல் படி இறங்கினேன். இறங்கும்போதே மகனுக்குப் போன்.

"சொல்லிட்டேன்னியேடா."

அந்தப் பக்கம் இரும்புச் சத்தம். யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லத்தான்பா நெனச்சேன். மூணு நாளா நெனச்சேன். அவ முகத்தைப் பாத்தா வாய் வரலை."

"வாய் வரலைன்னா, வரலைன்னு சொல்றதுக்கென்ன?"

வைத்துவிட்டேன். வேறு என்ன பேச?

கடைக்காரி என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "என்ன ஐயா, வேற எதாவது மிச்சம் இருந்துச்சா?"

"கட்டில்."

"அது போயிடுச்சே. மூணு மணிக்கே போயிடுச்சு. வந்த அரை மணி நேரத்துல போன சாமான் இந்த வருஷத்துல அது ஒண்ணுதான்."

"யாருக்கு?"

"புருஷன் பொண்டாட்டி. அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. கார் மேல கட்டிக்கிட்டுப் போனாங்க."

"டிராயரைத் திறந்து பாத்தாங்களா?"

"டேப் ஒட்டியிருந்துச்சு. வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுக்கறோம்னாங்க. யாருங்க அப்படி ஒட்டினது? பிரிக்கவே முடியலை."

"பேரு? போன் நம்பர்?"

"நான் கடை வெச்சிருக்கேனா, போலீஸ் ஸ்டேஷன் வெச்சிருக்கேனா?" அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "மெத்தை கார்ல எடம் பத்தலை. அதோ இருக்கு பாருங்க. சனிக்கிழமை வந்து எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க."

"நாளைக்கு வேணும்."

"என்னது?"

சொன்னேன். நாலு வார்த்தையில் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"அப்பவே நினைச்சேன்," என்றாள். "கேட்டிருக்கணும். கேக்கக் கூடாதுன்னு ஒரு பழக்கம்." கொஞ்சம் யோசித்தாள். "அந்த ஆள் வேலையிலேர்ந்து நேரா வந்தா மாதிரி இருந்தாரு. சட்டை கை எல்லாம் மாவு. ரொட்டி வாசனை அடிச்சுது. எதாவது பேக்கரியா இருக்கும்."

"இந்தப் பக்கம் எத்தனை பேக்கரி இருக்கு?"

"டிப்போவைச் சுத்தியே ஏழெட்டு இருக்கும். அந்த ஆள் இந்தப் பக்கத்துல வேலை பாக்கறாரான்னே யாரு கண்டா."

முதல் பேக்கரியில் கல்லாவில் இருந்தவன் நான் ஏதோ கடன் வசூலிக்க வந்தவன் என்று நினைத்து, "அப்படி யாரும் இங்க வேலை பாக்கலை" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டான். இரண்டாவதில், "எங்க ஆளுங்க எல்லாருக்கும் சட்டையில மாவுதான் பெரியவரே, எந்த மாவு?" என்று கேலி செய்தார்கள். மூன்றாவதில், நிறைமாசப் பொண்டாட்டி இருக்கிறவன் ஒருத்தன் உண்டு, ஆனால் அவனிடம் கார் இல்லை என்றார்கள். நாலாவது பூட்டிக் கிடந்தது.

கால் இழுத்துக்கொண்டது. மணி ஆறு. வீட்டுக்குத் திரும்பினேன்.

மகன் வந்திருந்தான். அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே காலை வைக்கவில்லை. மருமகள் தரையில், வலது பக்கக் கட்டில் இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கிடைச்சுதா?"

"வித்துப்போச்சு."

எனக்கு வளைத்துச் சொல்லத் தெரியாது. மகன் என்னை முறைத்தான். வளைத்துச் சொன்னவன் யோக்கியதையை அன்றைக்கே பார்த்துவிட்டோமே.

"சனிக்கிழமை மெத்தைக்கு வருவாங்களாம்," என்றேன். "அந்த ஆள் ஏதோ பேக்கரிக்காரன். மூணு கடை பாத்துட்டேன்."

"சனிக்கிழமை வருவாங்களா மாமா?"

வருவார்கள் என்று சொல்லியிருக்கலாம். "தெரியாதும்மா. வந்தாலும் அதைத் தூக்கிப் போடாம வெச்சிருப்பாங்களான்னு தெரியாது. அவங்களுக்கு அது ஒரு அழுக்குத் துணி."

"அப்பா!" என்றான் மகன்.

அவள் அழவில்லை. தலையை ஆட்டினாள். சரக்கு வரவில்லை என்று சொன்னால் கிடங்கில் அப்படித்தான் ஆட்டுவாளோ என்னவோ.

"அப்ப சனிக்கிழமை வரைக்கும் அவ அங்கயே இருக்கட்டும்," என்றாள்.

"யாரு?"

"முன்னவ. டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

மகன் அப்போதுதான் அறைக்குள் வந்தான். "என்ன பேசறே? அஞ்சு வாரமா அவளைத் தூக்கிட்டு வரணும்னுதானே..."

"தொப்பி கிடைச்சா கூட்டிட்டு வரேன். அதில்லாம அவளை மட்டும் தனியாத் தூக்கிட்டு இந்தப் படி ஏற என்னால முடியாது."

"ஏம்மா," என்றேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "போனவ தொப்பிக்காக, இருக்கிறவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போட்டு வைக்கறதா? இது நல்லா இல்லை. சொல்லிட்டேன். அந்தக் குழந்தைக்கு வேண்டியது நீ. சீட்டுல நாலு எழுதியிருக்கே, அது நாலும்கூட அப்புறம்தான்."

"எனக்கு வேண்டியது எதுன்னு இந்த வீட்டுல யாருமே கேக்கலை மாமா."

மகன் மண்டியிட்டு அவள் பக்கத்தில் உட்காரப் போனான். அவள் கையை நீட்டித் தடுத்தாள். அந்த இடத்தில் உட்காராதே என்கிற மாதிரி.

"கட்டிலைப் பழைய இடத்துல போடுங்க," என்றாள் என்னிடம்.

"நடுவுல இருந்தா காத்து வரும்மா. ஜன்னலுக்கு நேரே..."

"பழைய இடத்துல."

இடது சுவரோரம் தள்ளினேன். விரிப்பில் அந்தப் பக்கக் குழிகளையும் நான் நிமிர்த்திவிட்டிருந்தேன். சரியான இடம் தெரியவில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலால் காட்டினாள். இந்தக் கால் இங்கே. அந்தக் கால் அங்கே. இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம். நாலு காலும் அவளுக்கு மனப்பாடம்.

வைத்துவிட்டு வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். இடது பக்கம் கட்டில். வலது பக்கம் அவள் மட்டும், சுற்றிலும் வெறுந்தரை. முப்பத்தெட்டு வருஷத்தில் இப்படிப் பாதி காலியாக ஒரு அறையைப் பார்த்தால் நான் யோசித்ததே இல்லை. லாரியில் இன்னும் சாமான் இருக்கிறது, கீழே போய் எடுத்து வர வேண்டும். அவ்வளவுதான்.

செருப்பை மாட்டினேன்.

"எங்கப்பா போறீங்க?" மகன் பின்னாலேயே வந்தான்.

"இன்னும் நாலு பேக்கரி இருக்கு."

"நானும் வரேன்."

"நீ இரு. அவகிட்ட பேசு. வாய் வரலைன்னா அதையாவது சொல்லு."

சட்டைப் பையிலிருந்த பட்டியலை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கினேன். லிஃப்ட் கதவு எப்போதும்போல் மூடிக் கிடந்தது.

அந்த மாவுச் சட்டைக்காரனைக் கண்டுபிடித்தாலும் சரி, தொப்பி கைக்கு வந்தாலும் சரி, அதைக் கொண்டுபோய் முன்னவள் தலையில் மாட்டுவதில் எனக்குத் துளியும் சம்மதம் இல்லை. அதை மருமகளிடம் முகத்துக்கு நேரே சொல்வேன்.

சொல்லிவிட்டு, கொடுப்பேன்.